நுஹாத் கூட்டி வந்த ஜாஹா

ஜோர்டானில் எங்கள் ஊரான அன்ஜராவில் நுஹாத்தைத் தெரியாத பெண் கிடையாது. கடந்த பதினாறு வருஷத்தில் எங்கள் ஊரில் கல்யாணமானவர்களில் முக்கால்வாசிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். அஜ்லூன் கடைத்தெருவில், கல்யாண கவுன் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் அவள் தையல்காரி. வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே மணப்பெண்ணை அதட்டுவாள். "மூச்சை உள்ள இழுக்காதடி! நாளைக்கு வயிறு நிறைய மன்சஃப் கறிச்சோறு தின்னப்புறம் என்ன பண்ணுவே?" மணப்பெண் சிரிப்பாள், ஊசி நழுவும், அதற்கும் சேர்த்துத் திட்டு விழும்.

அவளுக்கென்று ஒரு கவுன் அமையவில்லை. இரண்டு இடம் வந்தது, இரண்டையும் அவளேதான் வேண்டாம் என்றாள். முதல் இடம் வந்தபோது அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். இரண்டாவது வந்தபோது அம்மா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "கிழவன் தனக்கு ரொட்டி சுட ஆள் வேணும்னு பொண்ணை வீட்டோட வெச்சுக்கிட்டான்" என்று பேசியது. அந்தப் பேச்சு அவள் அப்பா காதிலும் விழத்தான் செய்தது. அவர் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அப்பா பெயர் தியாப். மூத்த மகன் பெயரை வைத்து ஊரில் அபூ ராக்கான் என்பார்கள். முப்பது வருஷம் அஜ்லூனுக்கும் இர்பிதுக்கும் மினிபஸ் ஓட்டியவர். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். இந்தக் கதை முழுக்க அவருடைய பிடிவாதத்தோடு நுஹாத் மல்லுக்கட்டின கதைதான்.

அவளுக்கு ஆங்கிலம் வந்த வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். பள்ளி இறுதித் தேர்வில் அவள் கோட்டை விட்டதே ஆங்கிலத்தில்தான். பிறகு கடைக்குச் சீனாவிலிருந்து கவுன்கள் வர ஆரம்பித்தன. கை குட்டையாக வரும், முத்து உதிர்ந்து வரும். முதலாளியம்மாவுக்கு எழுதத் தெரியாது, எல்லாம் நுஹாத் தலையில். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க மூன்று வரி எழுதினாள்: கை குட்டை, முத்து இல்லை, வேறு அனுப்பு. ஒரு வாரத்தில் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, பின்னாலேயே புதுக் கவுனும் வந்தது. முன்பின் பார்த்திராத ஒருத்தன் தன் மூன்று வரிக்கு மதிப்புக் கொடுத்தான் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. அன்றைக்குப் பிடித்த வெறி. விட்ட தேர்வை மறுபடி எழுதினாள். முப்பத்திரண்டு வயதில் இர்பித் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்தாள். விடியும் முன் பஸ், மதியம் கடை, ராத்திரி பாடம். கூடப் படித்த சின்னஞ்சிறுசுகள் அவளை 'சித்தி' என்று கூப்பிட்டன. கூப்பிட்டுவிட்டு அவளிடமே பாடக் குறிப்பும் வாங்கிப் போயின. பட்டம் கையில் வந்தபோது வயது முப்பத்தேழு. அரசு ஆசிரியர் வேலை வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டுத் தன் எண்ணைப் பார்த்தாள். முறை வருவதற்குள் தலை நரைத்துவிடும் போலிருந்தது. எங்கள் பக்கத்து வாத்தியார்களில் பாதிப் பேரைப்போல அவளும் வெளிநாடு என்று முடிவு கட்டினாள்.

எந்த நாடு என்பதுதான் கேள்வி. மூன்று இடத்திலிருந்து அழைப்பு வந்தது, மூன்றுமே ஜனவரியில் தொடங்கும் வேலை. ஒன்று குவைத், ஒன்று தோஹா, ஒன்று ஓமான் மலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம்.

அவ்வளவுதான், ஊரே அவளுக்கு ஆலோசகராகிவிட்டது. ரொட்டிக் கடைக்காரன் முதல் பல் வைத்தியர்வரை ஆளுக்கொரு நாட்டைச் சிபாரிசு செய்தார்கள். பக்கத்து வீட்டு உம் யஸன் ஒருத்திதான் உருப்படியாக ஒன்று சொன்னாள். "அடியே, கவுன் வாங்குறப்ப வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டே. உள்ளே திருப்பித் தையலைத்தானே பார்ப்பே? இதையும் அப்படிப் பாரேன்."

நுஹாத் அப்படியே செய்தாள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திடமும் ஒரே ஒரு விஷயம் கேட்டாள்: இந்த வேலையிலிருந்து இப்போது விலகிப் போகிற டீச்சரோடு நான் பேச வேண்டும். குவைத்துப் பள்ளி நம்பர் தர மறுத்துவிட்டது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தோஹாப் பள்ளி உடனே கொடுத்தது. விலகிப் போகிற டீச்சர் நல்ல மாதிரி, எல்லாம் சௌகரியம் என்றாள். தோஹாவில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, ஒன்றைத் தவிர: அண்ணன் ராக்கான் அங்கேதான் இருந்தான்.

ராக்கான் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். தங்கை மேல் பாசமானவன். தினம் போன் செய்வான். "எதுக்கு நுஹாத் தனி வீடு? எங்க வீட்ல ரூம் இருக்கு. பசங்க மூணு பேரும் அத்தை வர்றான்னு கட்டில் மேல ஏறிக் குதிக்கிறாங்க. உன் அண்ணி லீனாவுக்கும் இப்ப ஆறாவது மாசம், கூட நீ இருந்தா அவளுக்கும் தெம்பு." பாசத்தோடுதான் சொன்னான். ஆனால் நுஹாத்துக்குக் கணக்குத் தெரியாதா? பகலெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சாயங்காலம் அண்ணன் பிள்ளைகள், ராத்திரி கைக்குழந்தை. இங்கே அப்பா வீடு, அங்கே அண்ணன் வீடு. தன் சாவியால் தன் கதவைத் திறந்து உள்ளே போவது எப்படியிருக்கும் என்று தெரியாமலேயே ஆயுசு போய்விடும்.

ஓமானில் விலகிப் போகிற டீச்சர் ஒரு துனீசியக்காரி. அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. "ரோடு மோசம், பெரிய வண்டிதான் ஏறும். மருந்துக்கடைக்கு மலை இறங்கணும். ஜனவரியில குழாய்த் தண்ணி உறைஞ்சு போகும். ஒரு கிளாஸ்ல பதினோரு பொண்ணுங்க." இதைச் சொல்லும்போதே அவள் விசித்து விசித்து அழ ஆரம்பித்தாள். "எங்கம்மாவுக்கு முடியலை, அதான் போறேன். இல்லேன்னா என்னை யாராலயும் கிளப்பியிருக்க முடியாது. நீங்க வருவீங்களா? அதுங்களுக்கு நல்ல ஆளா வரணுமேன்னு கவலையா இருக்கு."

தலைமையாசிரியை பத்ரிய்யா நேர்காணலில் கேட்டதும் அந்தப் பெண்களைப் பற்றித்தான். ஒரு பெண் ஒரு பருவம் முழுக்க வாயே திறக்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். கூடப் படித்த சிறுசுகளாயிருந்தால் புத்தகத்தில் உள்ள ஏழு முறைகளையும் ஒப்பித்திருப்பார்கள். நுஹாத் சொன்னாள்: "பக்கத்துல போய் உட்காருவேன். அவசரப்படுத்தமாட்டேன். நான் வாய் திறந்தப்போ எனக்கு முப்பது தாண்டியிருந்தது." பத்ரிய்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். மறுநாள் வேலைக் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே ஓமான் என்று சொன்னாள். அவர் குவளையைக் கையில் வாங்கவே இல்லை.

"தோஹான்னு ராக்கானுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

"என்னைக் கேக்காமலா அப்பா?"

"அண்ணன் வீடு. இதுல கேக்க என்ன இருக்கு? யாருமே இல்லாத மலையில தனியா ஒரு பொம்பளைப்புள்ளை… ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தா யாரு பார்ப்பா? யாரை நம்பி அனுப்புறது?"

"என்னை நம்பி அனுப்புங்களேன்."

"வாக்குக் கொடுத்துட்டேன்மா," என்றார் மறுபடியும். அதோடு ரேடியோச் செய்தியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். முப்பது வருஷம் மினிபஸ்ஸில் அவரோடு சண்டை போட்ட பயணிகளுக்கும் இதே கதிதான், ரேடியோவைத்தான் கூட்டுவார்.

நுஹாத் இரண்டு நாள் யோசித்தாள். அப்பாவை மீறிக் கையெழுத்துப் போட்டுவிடலாம், வயது முப்பத்தெட்டு, யாரும் தடுக்க முடியாது. ஆனால் அப்படிப் போனால் அந்த மனுஷன் இந்த வீட்டில் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்? மகள் வாக்கைக் காலில் போட்டு மிதித்துவிட்டுப் போனாள் என்று ஊர் சிரிக்காதா? அவளுக்கு மலையும் வேண்டும், அப்பாவும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

வியாழக்கிழமை காலை நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். உம் யஸனின் வீட்டுக்காரர் அபூ யஸன் ராணுவ வாத்தியக் குழுவில் பைப் ஊதி ஓய்வு பெற்றவர். ஊரில் இரண்டு கொலைப் பகையையும் கணக்கில்லாத கல்யாணங்களையும் பேசி முடித்த ஆள்.

"மாமா, எனக்கு ஒரு ஜாஹா வேணும்."

அபூ யஸன் வாயிலிருந்த ஆலிவ் கொட்டையை விழுங்கியே விட்டார். எங்கள் பக்கத்தில் பெண் கேட்க, ரத்தப் பகை தீர்க்க, வண்டி மோதிச் செத்தவன் வீட்டில் மன்னிப்புக் கேட்கத்தான் ஜாஹா போவார்கள். பெரிய மனுஷர்கள் கூட்டமாகப் போய் உட்காருவார்கள். காப்பி வரும், தலைவர் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார். கேட்டது கிடைக்கும்வரை கையில் எடுக்கமாட்டார். குடிக்காத காப்பியோடு ஜாஹாவைத் திருப்பி அனுப்பின வீட்டுக்கு அப்புறம் மரியாதை ஏது? கொடுத்த வாக்கையும் அறுக்கிற ஒரே கத்தி அதுதான்.

"வேலைக்கு ஜாஹாவா? உங்கப்பன் என்னைச் செருப்பால அடிப்பான்டி!"

"கொலைகாரனுக்காகப் போனீங்களே மாமா. நான் என்ன, யாரைக் கொன்னேன்?"

உள்ளேயிருந்து உம் யஸன் கத்தினாள். "போய்யா மனுஷா! அந்தப் பொண்ணு உன் மூணு மகளுக்கும் கவுன் தைச்சிருக்கா. ஒருத்தி கல்யாணத்தன்னைக்கு முதுகு கிழிஞ்சப்போ மண்டபத்துக்கே ஓடி வந்து தைச்சா. ஒரு காப்பியைக் குடிக்காம வைக்கக்கூட உனக்கு வலிக்குதா?"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஏழு பேர் வந்தார்கள். அபூ யஸன் தங்கக் கரை போட்ட மேலங்கியில் முன்னால் வர, பின்னால் ஆறு பேர். நுஹாத் காலையிலேயே வீட்டைத் துடைத்து, மெத்தை உறைகளை மாற்றி, ஏலக்காய் போட்டுக் கசப்புக் காப்பியை இறக்கி வைத்திருந்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் வந்தது என்று ஜன்னலில் எட்டிப் பார்த்த அபூ ராக்கான் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஓடி, வெள்ளைத் தலைத்துணியை எடுத்துக் கட்டி, மூன்று முறை சரிசெய்து, அப்புறம்தான் கதவைத் திறந்தார்.

நுஹாத் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றாள், கூடவே உம் யஸன். காப்பி போயிற்று. அபூ யஸன் கோப்பையை வாங்கித் தனக்கு முன்னால் வைத்தார், தொண்டையைக் கனைத்தார். இறைவனைப் புகழ்ந்தார், இந்த வீட்டின் பெருமையைப் புகழ்ந்தார், மினிபஸ்ஸையும் கொஞ்சம் புகழ்ந்தார். பைப் ஊதின மூச்சு, லேசில் அடங்காது. ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார்.

"அபூ ராக்கான், நாங்க ஏழு பேரும் உன் மக நுஹாத்துக்காக வந்திருக்கோம்…"

"குடிங்க!" என்றார் அபூ ராக்கான்.

"இன்னும் நான் சொல்லவே இல்லையேப்பா…"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்களை எனக்குத் தெரியாதா? கொடுத்தேன். வந்த காரியம் முடிஞ்சது. காப்பியைக் குடிங்க, ஆறிடப்போகுது!"

திரைக்குப் பின்னால் உம் யஸனுக்கு நிலைகொள்ளவில்லை. ஓமான் கிடைத்துவிட்டது என்று வாய்மேல் கைவைத்துத் தெரு அதிர ஒரு குலவை போட்டாள். அந்தக் குலவையைக் கேட்டு அபூ ராக்கான் சிரித்தார். அவர் சிரித்து நுஹாத் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்ல. "என்னாலதான் அவ நின்னு போனாள்னு இந்த ஊரு பேசிச்சு. என் கண்ணு மூடுறதுக்குள்ள நடந்துடுச்சு."

நுஹாத்துக்கு அப்பா என்னத்தைக் கொடுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்!

அபூ யஸனுக்கும் புரிந்துவிட்டது. கோப்பைக்கு நீட்டின கை பாதியில் நின்றது. ஆனாலும் வாக்கு வாக்குதான், ஏழு சாட்சி இருக்கிறது. "பேசாம இரு," என்று உம் யஸன் அவள் முழங்கையைப் பிடித்தாள். "அவர் கொடுத்தாச்சு. இவர் பக்குவமா எடுத்துச் சொல்லுவார். உனக்கு மலை கிடைச்சாச்சுடி." ஒரு நிமிஷம் சும்மா நின்றிருந்தால் போதும். நுஹாத்தால் நிற்க முடியவில்லை. இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷனை ஏமாற்றி வாங்கின வேலையை வைத்துக்கொண்டு எந்த வகுப்பில் போய் நிற்பாள்?

திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் நடுவில் வந்து நின்றாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அப்படி வந்ததில்லை.

"அப்பா, மாப்பிள்ளை யாரும் இல்லை. இவங்க என்னைப் பெண் கேட்டு வரலை. ஓமானுக்கு என்னை அனுப்பச் சொல்லிக் கேட்க வந்தாங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன். நீங்க வேற ஒண்ணுக்குச் சரின்னு சொன்னீங்க, அது செல்லாது. உங்க வாக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். நான் தோஹாவுக்கே போறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். அபூ ராக்கான் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ரேடியோவைத் தேடுவதுபோல அவர் கை மெத்தையில் ஒரு தரம் துழாவியது. அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அபூ யஸன்," என்றார். "நான் மாப்பிள்ளை பேரைக் கேட்டேனா?"

"கேக்கலை."

"எந்த ஊரு, என்ன தொழில், குடிக்கிறவனா, கை நீட்டுறவனா, ஏதாச்சும் கேட்டேனா?"

"ஒண்ணும் கேக்கலைப்பா. பேசவே விடலையே நீ."

அவர் மகளைப் பார்த்தார். "பார்த்தியாம்மா. முகம் தெரியாத ஒருத்தனை நம்பி உன்னைத் தூக்கிக் கொடுத்துட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. முப்பத்தெட்டு வருஷம் பக்கத்துலயே இருந்து பார்த்த உன்னை நம்பிக் கொடுக்கத்தான் எனக்கு மனசு வரலை. என்ன அப்பன் நான்?"

"அப்படிச் சொல்லாதீங்கப்பா."

"கொடுத்தேன்னு சொன்னேன்ல. சொன்னது சொன்னதுதான். உன்கிட்டயே உன்னைக் கொடுத்தேன். போயிட்டு வா."

"ராக்கானுக்குக் கொடுத்த வாக்கு?" என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டார் அபூ யஸன்.

"அவன் ஒத்தை ஆளு, அதுவும் போன்ல கேட்டான். நீங்க ஏழு பேரு மேலங்கி மாட்டிட்டு வந்திருக்கீங்க. அவனுக்கு வேணும்னா அவன் எட்டுப் பேரைக் கூட்டிட்டு வரட்டும்!"

ஏழு பேரும் ஒரே மூச்சில் காப்பியைக் குடித்தார்கள். உம் யஸன் திரைக்குப் பின்னாலிருந்து இரண்டாம் குலவை போட்டாள், இந்த முறை அழுதுகொண்டே. நுஹாத் அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். பெரிய மனுஷர்கள் முன்னால் என்ன இது என்று அவர் விலக்கவில்லை. தலையில் கைவைத்தபடி, மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் இப்போது கேட்க ஆரம்பித்தார்.

"அந்த இடத்துக்குப் பேரு என்ன?"

"ஜபல் அல் அக்தர்."

"குளிருமா?"

"நல்லாக் குளிரும். தண்ணி உறைஞ்சு போகுமாம்."

"வீடு எப்படி?"

"ரெண்டு ரூம். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போயிடலாம்."

"சாவி?"

"ஒண்ணுதான். என்கிட்ட."

"ம். பக்கத்துல யாரு இருக்காங்க?"

"மாதுளைத் தோட்டக்காரர் ஒருத்தர். பொண்டாட்டி, அஞ்சு பொண்ணுங்க."

"நல்ல மனுஷங்களா?"

"எனக்குத் தெரியாதுப்பா. போய்ப் பார்த்துட்டு நானே உங்களுக்குச் சொல்றேன்."

"சரிம்மா," என்றார் அபூ ராக்கான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."